சேதுக்கரையில் கைகசி: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள், ராமநாதபுரம்

மதுரையிலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. "காலு நடக்குறப்பவே ராமேஸ்வரம் போயிட்டு வந்துரணும்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியையும் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்றான். மூன்று வருடமாக நான் இருக்கும் இடத்தில் அவனுக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கிறது.

பரமக்குடி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நடுநடுவே முண்டு மிளகாய் காயப்போட்ட களங்கள், சிவப்புப் பாய் விரித்த மாதிரி. கண்ணாடியை இறக்கினால் தும்மல். வைகை இந்தப் பக்கம் வந்துதான் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிகிறது. நாங்கள் பார்த்த வைகையில் தண்ணீருக்குப் பதில் ஆடுகள் மேய்ந்தன.

அரண்மனையில் ராமலிங்க விலாசம் பார்த்தோம். கிழவன் சேதுபதி கட்டியது. உள்ளே சுவர், தூண், கூரை எல்லாம் ஓவியம். முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டியவை, 300 வயது ஆகிறது. ராமாயணத்தில் பால காண்டக் காட்சிகள், தஞ்சை மராத்தியரோடு நடந்த சண்டை, ஐரோப்பியர் வந்து மன்னரைப் பார்ப்பது. அம்மா எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே ஓவியத்தின் முன்னால் நின்றார். ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கும் படம். "ஆத்தா குடுக்குறா பாரு" என்றார். சேதுபதிகளின் குலதெய்வம் அவள். நாட்டைத் தாய் கையிலிருந்து வாங்கியதாக ஓர் அரச வம்சம் தன் கொலு மண்டபத்திலேயே வரைந்து வைத்திருக்கிறது.

வெளியே வந்து பருத்திப்பால் குடிக்கும்போது பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தானாகவே பேச்சை ஆரம்பித்தார். சமஸ்தானம் எப்படிப் போச்சு தெரியுமா, பொம்பளை கையில் அதிகாரம் போனதால் போச்சு என்றார். அவர் சொன்னது முத்துத் திருவாயி நாச்சியாரை. 1762இல் பட்டத்துக்கு வந்த முத்துராமலிங்க சேதுபதி கைக்குழந்தை. தாய் அவர் பெயரில் ஆட்சியை நடத்தினார், பிரதானி தாமோதரம் பிள்ளை துணை. 1771இல் தஞ்சை மராத்தியர் படையெடுத்தார்கள். மறு வருடமே ஆற்காட்டு நவாபின் மகன் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையைக் கூட்டிக்கொண்டு வந்தார், தளபதி ஜோசப் ஸ்மித். கோட்டை விழுந்தது. ராணியையும் பிள்ளைகளையும் திருச்சிக் கோட்டையில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

பெரியவர் அதோடு நிறுத்திக்கொண்டார். கதை அதோடு நிற்கவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, விடுதலையாகி, திரும்ப ஆண்டு, கும்பினியோடு முரண்பட்டு, 1795இல் அவர்களால் இறக்கப்பட்டுச் சிறையிலேயே செத்தார். 1803இல் அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்குச் சமஸ்தானத்தை ஜமீனாக்கிக் கொடுத்தார்கள். பீரங்கி, பேஷ்குஷ் (கப்பம்) பாக்கி, பக்கத்து ராஜா, நவாபின் கடன் என்று இத்தனை காரணம் இருக்க, டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவர் கைக்கு அகப்பட்டது ஒரு தாய்.

அம்மா கேட்டார்: "பத்து வருசம் கைப்புள்ளைய வச்சுக்கிட்டுக் கோட்டையப் பிடிச்சு நின்னது யாருங்கய்யா?"

பெரியவர் சிரித்துவிட்டுப் போனார்.

லாட்ஜில் படுத்தபடி இதை எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டார். எனக்கு வேறொரு தாய் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறாள். நாளை அவள் ஊரைப் பார்த்தபடி நிற்கப்போகிறோம்.


இரண்டாம் நாள், தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை

தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல். ராமர் நவக்கிரகம் வைத்து வழிபட்ட இடம் என்கிறார்கள். இடுப்புத் தண்ணீரில் சுற்றி வரவேண்டும். அம்மா மேடையிலேயே நின்று கும்பிட்டார், நான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சுற்றினேன். காலடியில் சேறு, துணி, பூச்சரம், யாரோ விட்டுப்போன செருப்பு. அதைப் பற்றி அதிகம் எழுதினால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

திருப்புல்லாணி வேறு மாதிரி. திருமங்கையாழ்வார் பாடிய தலம். இங்கே ராமர் நிற்கவில்லை, உட்காரவில்லை, தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கிறார். கடலரசன் வழிவிடட்டும் என்று மூன்று இரவு கிடந்த கோலம். இதே கோயிலில் பிள்ளை வரமும் கேட்கிறார்கள், தசரதன் வேண்டிக்கொண்ட இடம் என்பதால். எங்களுக்கு முன்னால் ஓர் இளம் ஜோடி பாயசப் பிரசாதத்தைக் கையில் ஏந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தது.

அங்கே பிராகாரத்து நிழலில் உட்கார்ந்துதான் அம்மாவுக்கு ராவணனின் தாய் கைகசியைப் பற்றிச் சொன்னேன். நம்மில் பலருக்கு அவளைத் தெரியாது. கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டவர். அவள் கதை வால்மீகியின் உத்தர காண்டத்தில் வருகிறது. கைகேயி என்றால் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கைகசி என்றால் "கைகேயியைத் தப்பாச் சொல்றியா?" என்றுதான் அம்மாவும் கேட்டார்.

இலங்கை முதலில் அரக்கர்களுடையது. மாலியவான், சுமாலி, மாலி என்று மூன்று சகோதரர்கள். விஷ்ணுவிடம் தோற்று, மாலி செத்து, மற்றவர்கள் பாதாளத்துக்கு ஓடினார்கள். காலியாகக் கிடந்த இலங்கையில் விச்ரவஸ் முனிவரின் மகன் குபேரன் குடியேறினான். ஒருநாள் சுமாலி பூமிக்கு வந்தபோது குபேரன் புஷ்பகத்தில் பறந்து அப்பாவைப் பார்க்கப் போவதைக் கண்டான். வயிறு எரிந்தது. கல்யாணத்துக்கு நின்ற மகள் கைகசியைக் கூப்பிட்டு, போய் அந்த முனிவரை வரித்துக்கொள், அவனைப் போலப் பிள்ளைகள் உனக்கும் பிறக்கும் என்றான். அவள் போனாள். போனது அந்தி நேரம், முனிவர் அக்னிஹோத்திரம் செய்யும் வேளை. தலையைக் குனிந்து கால் பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றாள். நீ வந்த நேரம் பொல்லாதது, பிள்ளைகள் கொடியவர்களாகப் பிறப்பார்கள் என்றார் முனிவர். அப்படிப்பட்ட பிள்ளைகள் எனக்கு வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். சரி, கடைசிப் பிள்ளை தர்மவானாக இருப்பான் என்றார். ராவணன், கும்பகர்ணன், சூர்ப்பணகை, அப்புறம் விபீஷணன். முதல் மூன்றும் தலையில் விழுந்தது. நாலாவது அவளாகக் கேட்டு வாங்கியது.

"பாவம், அப்பன் அனுப்புனான், போனா" என்றார் அம்மா.

ஆமாம். அதுவரை அவள் பாவம்தான். அடுத்து நடந்ததற்கு அப்பனைக் கைகாட்ட முடியாது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு குபேரன் ஒருநாள் அப்பாவைப் பார்க்க ஆசிரமத்துக்கு வந்தான், அதே புஷ்பகத்தில். கைகசி ராவணனிடம் சொன்னாள்: உன் அண்ணனைப் பார், எப்படி ஜொலிக்கிறான். ஒரே அப்பன் பிள்ளைகள்தானே நீங்கள். உன்னையும் பார். நீயும் அவனைப்போல் ஆகப் பாடுபடு.

இதைச் சொல்லி முடித்தபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை, எதிர்த் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இருபது வருடம் ஓடிய வசனம் அது. அண்ணனைப் பாரு. அண்ணன் மார்க்கைப் பாரு. அண்ணன் பேங்க்ல சேர்ந்துட்டான், நீ எப்ப? அண்ணன் கார் வாங்கிட்டான். அந்த வசனத்தில் குபேரன் வேஷம் எனக்கு. வேஷம் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ராவணனின் பதிலும் இருக்கிறது. அண்ணனுக்குச் சமமாக, இல்லை அவனுக்கு மேலேயே ஆகிக் காட்டுகிறேன், நீ வருத்தப்படாதே அம்மா என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் கோகர்ணத்துக்குத் தவம் செய்யப் போகிறான். வரம், மூவுலக வெற்றி, அத்தனை அட்டகாசத்துக்கும் முதல் படி இந்தச் சத்தியம். மகாபாரதத்திலும் ராமன் கதை வருகிறது. அங்கே இந்த வசனமே கிடையாது. அப்பாவின் பக்கத்தில் குபேரன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பிள்ளைகளே பொறாமைப்படுகிறார்கள். தாய்மாரும் வேறு: ராவணனுக்கும் கும்பகர்ணனுக்கும் புஷ்போத்கடை, விபீஷணனுக்கு மாலினி. நல்லவனும் கெட்டவனும் ஒரே வயிற்றில் பிறப்பதை அந்தக் கதை சொன்னவரால் தாங்க முடியவில்லை போல. உத்தர காண்டக்காரர் தாங்கினார். தாங்கிய கையோடு அந்த வசனத்தையும் அவள் வாயில் வைத்துவிட்டார்.

சேதுக்கரை அங்கிருந்து நாலு கிலோமீட்டர். கடலைப் பார்த்தபடி அனுமார். வெயில் கண்ணைக் குத்தியது. அம்மா காரைவிட்டு இறங்கவில்லை.


மூன்றாம் நாள், பாம்பன்

எழுத ஒன்றும் இல்லாத நாள். அம்மாவுக்குக் கால் வீக்கம். மண்டபம் பக்கம் அறையெடுத்து ஓய்வு.

சாயங்காலம் நான் மட்டும் இந்திரா காந்தி பாலத்தில் நடந்தேன். 1988இல் திறந்தது, இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் நின்றால் காற்று சட்டையைக் கழற்றப் பார்க்கிறது. பக்கத்தில் புது ரயில் பாலம். 2025இல் திறந்தது, கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே லிப்ட் மாதிரி மேலே போகும். 1914இல் திறந்த பழைய பாலத்தில் சின்ன வயதில் போயிருக்கிறோம். ஜன்னல் சீட்டுக்கு நானும் தம்பியும் சண்டை. அம்மா சொன்ன தீர்ப்பு: "அண்ணன் மொதல்ல உக்காரட்டும்." அது எனக்கு நேற்று வரை ஞாபகமே இல்லை.

கீழே பாசி எடுத்துத் திரும்பும் பெண்கள் படகிலிருந்து இறங்கினார்கள். கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது, விரலெல்லாம் துணி சுற்றியிருந்தது. அவர்களில் வயதான ஒருத்தி போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். மகனைத்தான் என்று குரலிலேயே தெரிந்தது.


நான்காம் நாள், ராமேஸ்வரம்

விடிகாலை அக்னி தீர்த்தம். பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம். வாளியோடு வருபவர் நமக்கு முன்னால் ஓடுகிறார், நாம் ஈரத்துணியோடு பின்னால் ஓடவேண்டும், தரையோ எண்ணெய் தடவின மாதிரி. அம்மாவை ஓடவிடவில்லை. முக்கால் மணி நேரத்தில் முடிக்கவேண்டியதை இரண்டரை மணி நேரம் இழுத்தோம். எங்கள் வாளிக்காரத் தம்பி நல்ல பையன், ஒவ்வொரு கிணற்றிலும் "பாட்டி, கண்ண மூடிக்கங்க" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினான். கடைசித் தீர்த்தத்தில் அம்மா இன்னொரு வாளி கேட்டார். "இது சின்னவனுக்கு" என்றார். ஊற்றினான்.

உடை மாற்றி மூன்றாம் பிராகாரத்துக்கு வந்தோம். 1212 தூண் என்று கணக்கு. எண்ணவில்லை. ஒரு மூலையில் நின்று கடைசிவரை பார்த்தால் தூண்கள் சுருங்கிச் சுருங்கி ஊசிமுனை ஆகின்றன. சேதுபதிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கோயில் இது. அவர்கள் பட்டப்பெயரே சேதுவுக்கு அதிபதி என்பதுதான். முதல் நாள் பார்த்த அரண்மனையைவிட இங்கேதான் அவர்கள் யாரென்று தெரிகிறது.

சன்னதி வரிசையில் நிற்கும்போது ஒரு விஷயம் தோன்றியது. அசட்டுத்தனமா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். இந்தக் கோயில் எதற்கு? ராவணனைக் கொன்ற பிரம்மஹத்தி தோஷம் (பிராமணனைக் கொன்ற பாவம்) போக ராமர் லிங்கம் வைத்தார். அனுமார் லிங்கம் கொண்டுவரத் தாமதம் ஆனதால் சீதை மணலில் பிடித்தது ராமலிங்கம், பிறகு அவர் கொண்டுவந்தது விஸ்வலிங்கம், அதற்குத்தான் இன்றும் முதல் பூஜை. சரி, அரக்கனைக் கொன்றால் பிரம்மஹத்தி எங்கிருந்து வந்தது? அவன் விச்ரவஸின் மகன், புலஸ்தியரின் பேரன், பிரம்மாவின் கொள்ளுப்பேரன். ஆக, கைகசி அன்று அந்தியில் வேறு யாராவது அரக்கனிடம் போயிருந்தால் இந்தத் தோஷம் இல்லை, லிங்கம் இல்லை, 1212 தூண் இல்லை, வாளிக்காரத் தம்பிக்கு வேலை இல்லை. இத்தனை பெரிய கோயிலின் அஸ்திவாரத்தில் கால் விரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்ற ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு இங்கே ஒரு சின்னக் கல் சிலைகூட என் கண்ணில் படவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "சாமி கும்புடுற எடத்துல வக்கீல் மாதிரிப் பேசாத" என்றார்.

ராத்திரி இட்லி சாப்பிடும்போது அவராகவே கேட்டார்: "அந்தக் குபேரன் என்ன ஆனான்?"

இலங்கையைக் கேட்டு ஆள் வந்தபோது குபேரன் சண்டை போடவில்லை. அப்பா சொன்னபடி ஊரைக் காலி செய்துகொண்டு கைலாயத்துக்குப் போய்விட்டான். ராவணனும் முதலில் அண்ணன் ஊரை எடுப்பது சரியில்லை என்றுதான் தாத்தா சுமாலியிடம் சொன்னான். பிறகு மாமன் பிரகஸ்தன் வந்து, வீரனுக்கு ஏது அண்ணன் தம்பி என்று மனதைக் கரைத்தான். கொஞ்ச காலம் கழித்துக் குபேரன் ஒரு தூதனை அனுப்பினான், இந்த அநியாயங்களை விட்டுவிடு தம்பி என்று. ராவணன் தூதனை வெட்டிவிட்டு, படையோடு கைலாயம் போய்க் குபேரனை அடித்துப் புஷ்பகத்தையும் பிடுங்கிக்கொண்டான்.

"நல்ல புத்திதான சொல்லி விட்டான்" என்றார் அம்மா.

நானும் அனுப்பினேன். நான் கார் வாங்கிய 2019இல் தம்பி கடன் வாங்கி இரண்டு டூரிஸ்ட் வேன் போட்டான். அடுத்த வருடம் கொரோனா. வண்டிகள் ஷெட்டில், தவணை வீட்டு வாசலில். கடைசியில் பரமக்குடிப் பக்கம் அப்பா வைத்துப்போன ஒன்றரை ஏக்கரில் அவன் பங்கு போனது. அப்போது நான் அவனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நீளமான அறிவுரை அனுப்பினேன். வரவு செலவு எப்படி எழுதவேண்டும், எதற்குக் கடன் வாங்கலாம், எதற்குக் கூடாது. பணம் அனுப்பவில்லை. நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. தூதனை வெட்டியது சரிதானோ என்று இப்போது தோன்றுகிறது.


ஐந்தாம் நாள், கோதண்டராமர் கோயில், அரிச்சல்முனை

தனுஷ்கோடி ரோடு. இரண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் அலையடிக்கிறது, மறுபக்கம் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கிறது. வழியில் தண்ணீருக்கு நடுவே கோதண்டராமர் கோயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே போனது, பாசஞ்சர் ரயில் ஆட்களோடு போனது, இந்தக் கோயில் நின்றது. விபீஷணன் வந்து சரணடைந்த இடம். (திருப்புல்லாணிக்காரர்கள் தங்கள் ஊரில்தான் என்பார்கள். வாக்குவாதத்துக்கு நான் வரவில்லை.) உள்ளே ராமர், சீதை, லட்சுமணர், அனுமாரோடு விபீஷணனும் நிற்கிறான். ஆனி மாதம் ராமலிங்கப் பிரதிஷ்டை விழாவில் முதல் நாள் ராவண வதம், மறுநாள் இங்கே விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம். வருடா வருடம் அண்ணன் சாகிறான், தம்பிக்கு முடி சூட்டுகிறார்கள். இரண்டும் அவள் பிள்ளைகள்.

அம்மா விபீஷணனை வெகுநேரம் பார்த்தார். "ஒருத்தனாச்சும் மிஞ்சுனானே" என்றார்.

அரிச்சல்முனையில் ரோடு முடிகிறது. அசோகச் சின்னம் வைத்த தூணைச் சுற்றி செல்பிக் கூட்டம். தலைமன்னார் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது. சிப்பி மாலை விற்கும் பையன் மட்டும் "அந்தா தெரியுது பாருங்க சார்" என்று எல்லோருக்கும் இலங்கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

மணல் திட்டில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு மீதிக் கதையைச் சொன்னேன். இது யுத்த காண்டத்தில் ஒரே ஒரு சுலோகத்தில் வந்து போகிறது, கண்ணைச் சிமிட்டினால் தவறிவிடும். ராமர் படை அந்தக் கரையில் இறங்கிவிட்டது. ராவணன் சபையில் என்ன பேச்சு என்று அறிந்துவந்து சரமை என்ற அரக்கி அசோகவனத்தில் சீதையிடம் சொல்கிறாள்: உன்னை விட்டுவிடும்படி ராவணனிடம் அவன் தாயே எவ்வளவோ எடுத்துச் சொன்னாள், கிழட்டு மந்திரி அவித்தனும் சொன்னான். அவன் கேட்கவில்லை, லோபி பணத்தை விடாத மாதிரி உன்னை விடமாட்டேன் என்கிறான்.

அவ்வளவுதான். அவள் என்ன வார்த்தை சொன்னாள், அழுதாளா, காலில் விழுந்தாளா, ஒன்றும் இல்லை. அண்ணனைப் பார் என்று சொன்னதற்கு முழு வசனமும் எழுதி வைத்திருக்கிறார்கள். வேண்டாமப்பா, விட்டுவிடு என்று சொன்னதற்கு அடுத்தவள் வாய்மொழியாக அரை வரி. என்னைக் கேட்டால் முதல் வசனத்துக்கு அவள் பொறுப்புத்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவளுக்கு அவன்மேல் எவ்வளவு பிடி இருந்தது என்பதை இரண்டாவதை வைத்துத்தான் அளக்கவேண்டும். அவன் ஆசைக்குத் தோதான சொல்லை உயிருள்ளவரை பிடித்துக்கொண்டான், தோதில்லாததைக் காற்றில் விட்டான். அதற்குள் மகள் சூர்ப்பணகை தாலியறுத்து வந்துவிட்டாள். அவள் புருஷனைப் போரில் வெட்டியவனும் இதே ராவணன்தான். அந்த வீட்டில் கைகசி பேச்சு எத்தனை தூரம் எடுபட்டிருக்கும்?

அம்மா மணலைக் கையில் அள்ளி விட்டுக்கொண்டே இருந்தார்.

"நானும்தான் சொன்னேன்" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"ஒரு வண்டி போதும்டா, ரெண்டாவது வேணாம்னு. அவன் லோனுக்குக் கையெழுத்துப் போடப் போற அன்னைக்குக் காலைல. அடுப்படிலதான் நின்னான். கேக்கல."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ கேட்டியா?"

போனை வாங்கித் தம்பிக்கு அடித்தார். போகவில்லை. என் போனில் இலங்கை நெட்வொர்க்கின் வரவேற்பு மெசேஜ் வந்து நின்றது. நடந்து, சிப்பிக் கடை வரைக்கும் வந்து அடித்தார், அங்கும் இல்லை. சரி, பாம்பன் போய்ப் பேசிக்கலாம் என்று காரில் ஏறினார்.

பாம்பனில் சிக்னல் வந்தது. அதற்குள் அம்மா கருவாட்டுக் கடையில் நின்றுவிட்டார். நெத்திலியும் சீலாவும் பேரம் பேசி இரண்டு பொட்டலமாகக் கட்டச்சொன்னார். ஒன்று கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"எது எனக்கு?" என்றேன்.

"வண்டிய எடு மொதல்ல, நாறுது" என்றார்.